பிரிக்கத் தெரிந்தால் தைக்க வரும்

அன்பு மகளுக்கு,

சித்தப்பா எழுதுவது. தாத்தாவின் அம்பாசடருக்கு நீயே சீட் தைக்கப் போகிறாய் என்று உன் கடிதத்தில் படித்ததும் மனம் நிறைந்துவிட்டது. எந்த ரெக்ஸின் வாங்கலாம், என்ன நிறம் போடலாம் என்று கேட்டிருக்கிறாய். அதற்கும் பதில் சொல்கிறேன். ஆனால் அது பிறகு வரவேண்டிய கேள்வி. முதலில் கேட்க வேண்டியது, இருக்கிற சீட்டை எப்படிப் பிரிப்பது என்பதைத்தான். இத்தனை வருடக் குஷன் வேலை எனக்குக் கற்றுத் தந்த பாடம் இது: ஒழுங்காகப் பிரிக்கத் தெரிந்தவருக்குத் தையல் தானாகவே வசப்படும். கிழித்து எறிந்துவிட்டுத் தொடங்குகிறவர் எவ்வளவு விலை கொடுத்து ரெக்ஸின் வாங்கினாலும் பாதி வழியில் திண்டாடுவார்.

வண்டியைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொள். இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசைக் காரை அடிப்படையாக வைத்து, கல்கத்தாவுக்கு அருகே உத்தர்பாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் தயாரித்த வண்டி அம்பாசடர். 1950-களின் கடைசியில் தொடங்கிய உற்பத்தி 2014 மே மாதம் நின்றது. தாத்தாவினுடையது மார்க் 3, 1970-களின் பிற்பகுதி வண்டி. கியர் கம்பி ஸ்டீரிங் தண்டிலேயே இருப்பதால் முன்பக்கம் நடுவில் எந்தத் தடையும் இல்லை. ஒரே நீள சீட்டில் மூன்று பேர் உட்காரலாம். அந்த நீள சீட்தான் இந்த வண்டியின் குணம். பலர் அதைத் தூக்கிவிட்டு வேறு கார்களின் தனித்தனி சீட்டுகளை மாட்டிவிடுகிறார்கள். நீ அதை அப்படியே வைத்துக்கொள்ள நினைத்தது எனக்குப் பெரிய சந்தோஷம்.

உறையை மாற்றத்தான் வேண்டுமா என்று முதலில் பார். ரெக்ஸின் என்பது துணியின் மேல் பி.வி.சி. பூசியது. அந்தப் பூச்சை இளக்கமாக வைத்திருக்கும் எண்ணெய்த் தன்மையுள்ள பொருள் வெயிலில் வருடக்கணக்கில் மெல்ல வெளியேறிவிடும். பிறகு அது விறைத்து, வெடிக்கும். சீட்டின் ஓரத்தில் ஒரு மடிப்பை விரலால் அழுத்திப் பார். இளகிக் கொடுத்தால் பொருளுக்கு இன்னும் ஆயுள் இருக்கிறது. நூல் மட்டும் இற்றுப்போயிருந்தால் பழைய துளைகளிலேயே கைத்தையல் போட்டுக் காப்பாற்றலாம். விரிசல் விட்டால் மட்டும் புதிது தை. நல்ல நிலையில் இருக்கும் பழையதை மாற்றுவது அந்த வண்டிக்கு நாம் செய்யும் கெடுதல்.

மாற்றத்தான் வேண்டும் என்று முடிவானால், கழற்றுவதற்கு முன் எல்லாக் கோணத்திலும் படம் எடு. சீட்டின் உயரத்தையும் அளந்து எழுதிக்கொள். வண்டித் தரையிலிருந்து சீட்டின் மேல்பகுதி வரைக்கும், அங்கிருந்து கூரை வரைக்கும் உள்ள அளவு வேண்டும். அதிகம் அமுங்காத இடத்தில் அளக்க வேண்டும். மெத்தென்று இருக்கட்டும் என்று ஃபோமைக் கூட்டிப் போட்டால், ஓட்டுகிறவரின் தொடை ஸ்டீரிங்கில் இடிக்கும். தலை கூரையைத் தொடும். நீள சீட் என்பதால் ஓட்டுகிறவருக்கு வைக்கும் உயரம்தான் பக்கத்தில் இருப்பவருக்கும். இந்த ஒரு அளவை எழுதாமல் விட்டால் பின்னால் எதை வைத்தும் சரிபார்க்க முடியாது.

முன்சீட் தண்டவாளத்தில் போல்ட்டுகளால் பிடித்திருக்கும். முதல்நாள் இரவே துருவை இளக்கும் எண்ணெய் விட்டு ஊறவிடு. இல்லையென்றால் போல்ட் தலை முறியும். சீட்டைத் திருப்பிப் போட்டால் உறையைச் சட்டத்தோடு இழுத்துப் பிடித்திருக்கும் உலோக வளையங்கள் தெரியும். அவற்றைக் கட்டிங் பிளேயரால் ஒவ்வொன்றாக வெட்டி எடு. சில இடங்களில் உறையின் அடியில் ஒரு துணிக்குழாய் தைத்து, அதற்குள் நீளக் கம்பி ஓடவிட்டிருப்பார்கள். அந்தக் கம்பிகளைப் பத்திரப்படுத்து. புது உறைக்கும் அவையே வேண்டும்.

இனிதான் முக்கியமான வேலை. உறை கழன்று வந்ததும் ஒவ்வொரு துண்டின் பின்பக்கமும் பேனாவால் எழுது: இடது, வலது, முன், பின், மேல். நடுக்கோடு போடு. இரண்டு துண்டுகள் சேரும் தையலின் குறுக்கே நான்கு விரல் இடைவெளியில் சிறு கோடுகள் இழு. பிரித்த பிறகு எந்தப் புள்ளி எதோடு சேர வேண்டும் என்பதை அந்தக் கோடுகள்தான் சொல்லும். அதற்குப் பிறகுதான் பிளேடால் நூலை அறுக்க வேண்டும். அறுக்கும்போதே கவனி. எந்தத் தையல் எதன் மேல் ஏறியிருக்கிறது? அடியில் போனது முதலில் தைத்தது. அந்த வரிசையை ஒரு தாளில் எழுதிக்கொண்டே வா. நீ கடைசியில் பிரித்ததை முதலில் தைக்க வேண்டும்; முதலில் பிரித்ததைக் கடைசியில். உத்தர்பாராவிலோ வேறெங்கோ யாரோ ஒருவர் தைத்த வரிசையை அவர் இல்லாமலே நீ கற்றுக்கொள்வாய்.

பழைய துண்டுகளை அப்படியே வைத்து வெட்டிவிடாதே. நம் ஊரில் ஓட்டுநர் வலப்பக்கம். நாற்பது வருடத்துக்கு மேல் ஏறி இறங்கியதில் வலப்பாதி இழுபட்டு, அளவு கூடியிருக்கும். இடப்பாதிதான் உண்மையான அளவுக்கு அருகில் இருக்கும். அதனால் இடப்பக்கத் துண்டைக் கெட்டித் தாளில் வரைந்து, நடுக்கோட்டில் திருப்பிப் போட்டு வலப்பக்கத்தையும் வரைந்துகொள். சுருங்கியிருக்கும் ஓரங்களைக் கையால் நீவிவிட்டு வரை. தையலுக்கு விட்டிருக்கும் ஓரம் எவ்வளவு என்று அளந்து, எல்லாத் துண்டுக்கும் ஒரே அளவு கொடு. அரை அங்குலம் போதும்.

இப்போது சட்டம். துருவைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து எடுத்து, ரெட் ஆக்சைடு அடித்து, அதன் மேல் பெயிண்ட் போடு. உடைந்த ஸ்பிரிங்கை வெல்டிங் வைக்காதே. வெல்டிங் சூட்டில் ஸ்பிரிங் எஃகின் விறைப்பு போய்விடும். பக்கத்திலேயே மறுபடி உடையும். அதே தடிமனில் வேறு ஸ்பிரிங் வாங்கிப் போடு. சட்டத்தில் விரிசல் இருந்தால் மட்டும் வெல்டிங். அதையும் சீட்டை வண்டியிலிருந்து வெளியே எடுத்துவைத்துத்தான் செய்ய வேண்டும்.

ஸ்பிரிங்குக்கு மேலே அந்தக் காலத்து சீட்டுகளில் தேங்காய் நார் இருக்கும். நாரை ரப்பர் பாலில் நனைத்து, சூடேற்றி அச்சில் இறுக்கிச் செய்த மெத்தை அது. காற்று உள்ளே போய் வரும் என்பதால் நம் வெயிலுக்கு மிகவும் ஏற்றது. ஆனால் ரப்பர் வயதாகி உலர்ந்தால் நாரின் பிடி விட்டுப் பொடியாக உதிரும். சீட்டுக்கு அடியில் பழுப்புத் தூள் குவிந்திருந்தால் அது இதுதான். கையால் அழுத்தி விட்டதும் எழும்பி வந்தால் வைத்துக்கொள், உதிர்ந்தால் மாற்று. ஸ்பிரிங்குக்கும் மெத்தைக்கும் நடுவே கெட்டியான சணல் சாக்கை இழுத்துக் கட்ட மறக்காதே. அது இல்லாவிட்டால் ஒவ்வொரு குலுக்கலிலும் ஸ்பிரிங் மெத்தையை அறுத்துக்கொண்டே இருக்கும்.

ஃபோம் வாங்கும்போது கடையில் 32 டென்சிட்டி, 40 டென்சிட்டி என்பார்கள். ஒரு கன மீட்டர் ஃபோமின் எடை எத்தனை கிலோ என்பதே அந்த எண். அது கூடினால் ஃபோம் சீக்கிரம் தளராமல் உழைக்கும். கெட்டியா மிருதுவா என்பது வேறு கணக்கு. ஒரே டென்சிட்டியில் இரண்டும் கிடைக்கும். அதனால் எண்ணை மட்டும் கேட்டு வாங்காமல், முழங்கையை ஊன்றி அழுத்திப் பார்த்து வாங்கு. உட்காரும் இடத்துக்கு 40, முதுகுக்கு 32 எடுத்துக்கொள். உறையின் அளவைவிடச் சுற்றிலும் ஒரு சென்டிமீட்டர் அதிகமாக ஃபோமை வெட்டு. அது உள்ளிருந்து தள்ளினால்தான் உறையில் சுருக்கம் விழாது. ஒட்டும் பசையின் ஆவி தலைக்கு ஏறும், தீயும் பிடிக்கும்; திண்ணையில் வைத்து ஒட்டு, பக்கத்தில் அடுப்பு வேண்டாம்.

இப்போது நீ கேட்ட ரெக்ஸின். அடியில் பின்னல் துணி உள்ளதாக வாங்கு. அது எல்லாப் பக்கமும் கொஞ்சம் இழுபடும், வளைவுகளில் அழகாக உட்காரும். சுருள் பொதுவாக 54 அங்குல அகலம். தாள் அச்சுகளைத் தரையில் அந்த அகலத்துக்குள் அடுக்கிப் பார்த்து நீளத்தை முடிவுசெய். எல்லாவற்றையும் ஒரே சுருளிலிருந்து வாங்கு. அடுத்த சுருளில் நிறம் துளி மாறினாலும் வெயிலில் காட்டிக்கொடுத்துவிடும். நிறத்துக்குப் பழைய உறையின் தையலுக்குள் மடிந்திருந்த ஓரத்தைப் பார். வெயிலும் வியர்வையும் படாத அந்த அரை அங்குலத்தில்தான் தொழிற்சாலை போட்ட நிறம் அப்படியே இருக்கும். தோல் போடலாமா என்று உனக்கு ஆசை வரலாம். ஆம்பூரிலும் ராணிப்பேட்டையிலும் நல்ல தோல் உண்டு. ஆனால் தாத்தாவின் வண்டிக்கு வந்தது ரெக்ஸின். அதையே போடுவது அந்த வண்டிக்கு நாம் தரும் மரியாதை.

தையலில் ஒரு விஷயத்தை நெஞ்சில் எழுதிக்கொள்: துணியில் விழுந்த ஊசித்துளை மூடிக்கொள்ளும், ரெக்ஸினில் மூடாது. பிரித்துத் தைக்கலாம் என்ற சலுகை இங்கே இல்லை. குண்டூசியும் குத்தக்கூடாது, துணி காயப்போடும் கிளிப்பால் பிடித்துக்கொள். தையல் நெருக்கமாக இருந்தால் உறுதி என்று நினைக்காதே. நெருங்கிய துளைகள் தபால்தலைத் தாளின் ஓரம் மாதிரி; இழுத்தால் அந்த வரியிலேயே கிழியும். அங்குலத்துக்கு ஆறு தையல், அதாவது ஒன்றுக்குச் சுமார் 4 மில்லிமீட்டர், சரியாக இருக்கும். ஊசி 18-ஆம் எண். நூல் கெட்டியான பாலியஸ்டர். பருத்தி நூல் வியர்வையில் இற்றுவிடும், நைலானைவிடப் பாலியஸ்டர் வெயிலைத் தாங்கும். வீட்டு மெஷின் இரண்டு மடிப்பு ரெக்ஸினைத் தைக்கும். விளிம்புத் தையலில் வைக்கும் பைப்பிங் பட்டி சேர்ந்து நான்கு மடிப்பு வந்தால் திணறும். அந்த இடங்களுக்கு, மேல்பாதமும் துணியோடு நகரும் மெஷின் உள்ள குஷன் கடையில் கேட்டுத் தைத்துக்கொள்.

தாத்தா வண்டி சீட்டின் நடுவில் நெடுக வரிகள் உண்டல்லவா? அவற்றுக்கு ரெக்ஸினின் அடியில் மெல்லிய ஃபோம் வைத்து வரிவரியாகத் தைக்க வேண்டும். ஒவ்வொரு வரியும் அகலத்தில் கொஞ்சம் உள்ளே இழுத்துக்கொள்ளும். அதனால் அச்சைவிடப் பெரிய துண்டை எடுத்து, நடுக்கோட்டில் தொடங்கி இரு பக்கமும் தைத்துக்கொண்டே போ. முழுதும் தைத்த பிறகுதான் அச்சை வைத்து அளவுக்கு வெட்ட வேண்டும். கீழ் சீட்டின் வரியும் முதுகின் வரியும் நேராகச் சேர்ந்தால், உன் கைத்திறனைப் பற்றி வேறு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

மாட்டுவதற்கு நல்ல வெயில் நாளாகப் பார். தைத்த உறையை ஒரு மணி நேரம் வெயிலில் விரித்துவைத்தால் இளகும். ஃபோமின் மேல் மெல்லிய பாலிதீன் தாளைப் போர்த்தி உறையை ஏற்று. வழுக்கிக்கொண்டு இறங்கும், பிறகு தாளை உருவிவிடலாம். முன்பக்க நடு, பின்பக்க நடு, பிறகு இரண்டு பக்கங்களின் நடு, கடைசியாக மூலைகள் என்ற வரிசையில் இழுத்து வளையம் போடு. மூலையில் தொடங்கினால் சுருக்கம் நடுவில் வந்து சேரும், அதைப் போக்கவே முடியாது. வண்டியில் பொருத்தியதும் இரண்டு தண்டவாளங்களும் பூட்டிக்கொள்கின்றனவா என்று முன்னும் பின்னும் தள்ளிப் பார். அதைப் பார்க்காமல் சாலையில் ஏறக்கூடாது.

பின்சீட்டிலிருந்து தொடங்கு. அதில் தண்டவாளம் இல்லை, தேய்மானமும் குறைவு; கை பழகும். தாள் அச்சுகளை வெட்டியதும், ரெக்ஸினில் கத்தரி வைப்பதற்கு முன், அளவுகளோடு எனக்குப் படம் அனுப்பு. பார்த்துச் சொல்கிறேன்.

இன்னொன்று. பழைய உறையில் நல்ல ஒரு துண்டை எடுத்து, புது ரெக்ஸினின் துண்டு, நூலின் எண், ஃபோமின் அளவு, தைத்த வருடம் எல்லாம் எழுதிய தாளோடு ஒரு பையில் போட்டுச் சீட்டின் அடியில் கட்டிவை. தையல் ஓரங்களை ஒட்ட வெட்டாமல் விட்டுவை. சேர்க்கைக் கோடுகளையும் அழிக்காதே. உன் உறையும் ஒருநாள் விறைக்கும், யாரோ ஒருவர் பிளேடோடு உட்காருவார். முன்பு தைத்தவரிடமிருந்து நீ கற்றதைவிட அதிகமாக அவர் உன்னிடமிருந்து கற்க வேண்டும். நல்ல வேலை என்பதற்கு நான் கண்ட அடையாளம் அதுதான்.

அன்புடன்,
சித்தப்பா