மீனுக்கும் அமுது படைக்கும் கொல்லிமலை!

கோயிலுக்குப் போனால் முதலில் யாரை வணங்குவோம்? பிள்ளையாரை என்பீர்கள். ஆனால், கொல்லிமலை அறப்பளீஸ்வரர் கோயிலுக்கு வருபவர்கள் முதலில் போவது ஆற்றங்கரைக்கு! அங்கே துள்ளும் மீன்களுக்கு இரை போட்டுவிட்டுத்தான் ஈசனைத் தரிசிக்கிறார்கள். ஏன் தெரியுமா?

முன்பொரு சமயம், கோயிலை ஒட்டி ஓடும் ஐயாற்றில் ஒருவர் மீன் பிடித்தாராம். அதைத் துண்டு துண்டாக அறுத்துக் குழம்பில் போட்டுக் கொதிக்க வைத்தார். என்ன அதிசயம்! துண்டுகள் ஒன்றாகப் பொருந்தி, மீன் உயிரோடு துள்ளி ஆற்றுக்கே திரும்பிவிட்டதாம். இந்த மீன்களும் இறைவனின் வடிவமே என்று உணர்ந்த மக்கள், அன்று முதல் அவற்றைப் பிடிப்பதே இல்லை என்கிறது தல வரலாறு.

'கதைதானே' என்று தள்ளிவிடாதீர்கள் சகோதரிகளே! ஓர் ஆற்றின் உயிர்களைக் காவல் இல்லாமல், வேலி இல்லாமல் காப்பாற்றி வரும் கதை இது.

ஓரி ஆண்ட மலை

நாமக்கல் மாவட்டத்தில் உள்ளது கொல்லிமலை. அடிவாரமான காரவள்ளியில் இருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மேலே ஏற வேண்டும். கடையெழு வள்ளல்களில் ஒருவனான வல்வில் ஓரி ஆண்ட மலை இது. அவன் எய்த ஒரே அம்பு யானை, புலி, மான், பன்றி, உடும்பு என ஐந்தையும் துளைத்ததாகப் புறநானூற்றில் பாடியிருக்கிறார் வன்பரணர். ஆண்டுதோறும் ஆடி 17, 18 தேதிகளில் ஓரிக்கு விழா எடுக்கிறார்கள்.

சங்கப் புலவர்கள் வியந்து பாடிய கொல்லிப்பாவையும் இந்த மலைக்கு உரியவள்தான். இங்குள்ள எட்டுக்கை அம்மனே அந்தப் பாவை என்பது பக்தர்களின் நம்பிக்கை. தேவாரத்தில் அறப்பள்ளி என்று குறிப்பிடப்படும் வைப்புத் தலம் அறப்பளீஸ்வரர் கோயில். அம்பலவாணக் கவிராயரின் அறப்பளீசுர சதகம் இந்த ஈசனை முன்னிட்டுப் பாடப்பட்டதே.

கூரை வேண்டாத தெய்வங்கள்

மலையில் வாழும் பழங்குடி மக்களுக்கு 'மலையாளிகள்' என்று பெயர். கேரளத்தவர் என்று நினைத்துவிட வேண்டாம், தமிழ் பேசுபவர்கள். தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்தில் இருந்து வந்தவர்கள் என்பது இவர்கள் வழிவழியாகச் சொல்லும் கதை.

இவர்களின் தெய்வங்கள் பல, கோயில் காடுகளில் குடியிருப்பவை. மரத்தடியில் ஒரு கல், ஒரு வேல்... அவ்வளவுதான்! காட்டுக்குள் செருப்புக் காலுடன் போகமாட்டார்கள். அங்குள்ள மரங்களில் கோடரி படாது. அந்த மரங்களும் உதிர்ந்த சருகும் மழைநீரைப் பிடித்து வைத்து, ஊற்றாகக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே விடுகின்றன. மலையில் இப்படிச் சேரும் நீர்தான் ஐயாறாகி, ஆகாய கங்கை அருவியாக விழுந்து, புளியஞ்சோலை வழியே சமவெளிக்கு இறங்குகிறது. அபிஷேகத்துக்கு நாம் மொள்ளும் ஒரு குடம் நீருக்குப் பின்னால் ஒரு காடே இருக்கிறது!

சாமை, தினை, கேழ்வரகு விளைந்த மலை இது. சேகோ ஆலைகளுக்காக மரவள்ளிக் கிழங்கு பெருகியதில் சிறுதானியங்கள் குறைந்துபோயின. 1990-களில் இருந்து எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம், மலைப் பெண்களுடன் சேர்ந்து அவற்றை மீட்கும் பணியைச் செய்தது.

நாம் செய்ய வேண்டியது

இங்கே மனம் விட்டு ஒன்று சொல்ல வேண்டும். கோயில் காடுகளுக்குக் கெடுதல் பேராசையால் மட்டும் வருவதில்லை. சில சமயம் பக்தியாலும் வருகிறது. 'சாமி வெயிலில் நிற்கிறதே' என்று உருகி, வெளியூர் அன்பர்கள் சிமென்ட் மண்டபம் கட்டப் பணம் தருகிறார்கள். மண்டபத்துக்கு இடம் வேண்டும் என்று மரங்களை வெட்டிவிடுகிறார்கள். தமிழகத்தின் பல ஊர்களில் இப்படி நடந்திருக்கிறது. மரமே விமானமாக நிற்கும் தெய்வத்துக்கு நாம் வேறு கூரை போட வேண்டுமா, யோசியுங்கள்!

அடுத்த முறை கொல்லிமலைக்குப் போகும்போது, பூஜைப் பொருட்களைத் துணிப்பையில் கொண்டுபோங்கள். பிளாஸ்டிக் கவர், எண்ணெய் பாட்டில் எதையும் ஆற்றில் போடாதீர்கள். குளித்த துணியை அங்கேயே விட்டுவிட்டு வர வேண்டாம். சோப்பு, ஷாம்பு கூடவே கூடாது; அந்தத் தண்ணீரில்தான் ஈசனின் மீன்கள் வாழ்கின்றன. ஊர் திரும்பும்போது மலையில் விளைந்த சாமையோ தினையோ ஒரு கிலோ வாங்கி வாருங்கள். சாமைப் பொங்கல் செய்து நைவேத்தியம் பண்ணினால், அந்தப் புண்ணியத்தில் மலைப் பெண்ணின் அடுப்பும் எரியும்.

எப்படிப் போவது?

நாமக்கல், சேலம் ஆகிய ஊர்களில் இருந்து பேருந்து வசதி உண்டு. அறப்பளீஸ்வரர் கோயில் அருகில் இருந்து ஆகாய கங்கைக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இறங்க வேண்டும். மூட்டு வலி உள்ளவர்கள் ஆற்றங்கரையிலேயே அமர்ந்து, மீன்களுக்கு ஒரு பிடி பொரி போடுங்கள். அந்த ஈசனுக்கே படைத்த பலன் கிட்டும்!