கடல் வலப்பக்கம் வரும்

கண்ணம்மா,

அம்மாவை அழைத்துக்கொண்டு போர்ச்சுகல் போகிறாய், லிஸ்பனிலிருந்து ஒரு நாள் தனி வண்டியும் வழிகாட்டியும் வைத்துக்கொண்டு சிந்த்ரா மலையையும் கடற்கரையையும் சுற்றப் போகிறாய் என்று அண்ணன் சொன்னார். கேட்டதிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. அந்த மலைக்கு நான் இரண்டு முறை போயிருக்கிறேன். முதல் முறை உன் மாமாவோடு. போனேன், வந்தேன், அவ்வளவுதான். அவர் போன பிறகு பதினோரு வருடம் கழித்துத் தனியாகப் போனேன். அன்றுதான் அந்த மலையைப் பார்த்தேன். அப்படியேதான் இருந்தது மலை. உனக்கு முதல் தடவையே வாய்க்கட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

1. பட்டியலோடு போகாதே. நான் ஒரு தாளில் எட்டு இடங்கள் எழுதிக்கொண்டு போனேன். வழிகாட்டிப் பையன் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, "இதில் எது உங்களுக்கு ரொம்ப முக்கியம்?" என்று கேட்டான். "எல்லாமே" என்றேன். முழு வண்டிக்கும் காசு கொடுத்திருக்கிறோமே என்ற நினைப்பு. ஒவ்வொரு வாசலிலும் இறங்கினோம், படம் எடுத்தோம், ஏறினோம். ராத்திரி அறைக்கு வந்ததும் மாமா, "அந்த ஆழக் கிணறு எந்த அரண்மனையில் பார்த்தோம்?" என்று கேட்டார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. ரெகலெய்ரா தோட்டத்துக் கிணறு அது. தண்ணீருக்காக வெட்டியதல்ல, 27 மீட்டர் ஆழத்துக்குச் சுருள் படியில் சுற்றிச் சுற்றி இறங்க வேண்டும். அப்படி ஒன்றில் இறங்கி ஏறிவிட்டு, எங்கே என்று தெரியாமல் படுத்தோம். பேருந்தில் கூட்டத்தோடு போகிறவர்களுக்குத்தான் கூப்பிட்டவுடன் ஏற வேண்டிய கட்டாயம். தனி வண்டி எடுப்பதே மனசு நின்ற இடத்தில் நாமும் நிற்கத்தான். இரண்டு அரண்மனை, ஒரு கடல்முனை, அந்திக்கு ஒரு கரையோர ஊர் என்று வைத்துக்கொள். மிச்சத்தை மலையே வைத்துக்கொள்ளட்டும்.

2. நேரத்துக்கு மதிப்புக் கொடு. பெனா அரண்மனைச் சீட்டில் அச்சடித்திருக்கும் மணி, அரண்மனையின் உள்வாசலுக்கு உரியது, கீழே பூங்காவின் கதவுக்கு அல்ல. இரண்டுக்கும் நடுவே நல்ல ஏற்றம். நடக்க முடியாதவர்களுக்குச் சிறு பேருந்து உண்டு, அதற்கும் வரிசை உண்டு. நாங்கள் விடுதியில் காபிக்கு உட்கார்ந்து இருபது நிமிடம் தாமதமாகக் கிளம்பினோம். அந்தப் பையன் ஒன்றும் சொல்லவில்லை, வளைவுகளில் வேகத்தைக் கூட்டினான். கொண்டை ஊசி வளைவு, ஒற்றை வழிப் பாதை, பக்கத்தில் பாசி படிந்த மதில். என் சோம்பலுக்கு அவன் உயிரைப் பணயம் வைத்து ஓட்டினான். நாங்கள் போய்ச் சேர்வதற்குள் எங்கள் நேரம் தப்பி உள்வாசல் அடைத்துவிட்டதைக்கூட நான் மறந்துவிடுவேன், அவன் நெற்றி வியர்வையை மறக்க மாட்டேன்.

3. வண்டி ஓட்டுகிறவரின் பசியை நினை. இதை எத்தனை முறை சொன்னாலும் எனக்குத் தீராது. நாங்கள் ஒரு மணிக்கே வண்டிக்குள் உட்கார்ந்து, கட்டிக்கொண்டு போன புளியோதரையைச் சாப்பிட்டுவிட்டோம். "அடுத்த இடம் போகலாம்" என்றோம். நாலு மணிக்குக் கடல்முனையில் படம் எடுத்துவிட்டுத் திரும்பினால், கலங்கரை விளக்கத்தின் மதிலை ஒட்டி, காற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அந்தப் பையன் நிற்கிறான். கையில் காகிதத்தில் சுற்றிய ரொட்டி. வீட்டிலிருந்து கொண்டுவந்தது. எங்களைக் கண்டதும் பாதியைச் சட்டைப் பையில் திணித்துவிட்டு, கையைத் துடைத்தபடி ஓடிவந்து கதவைத் திறந்தான். அந்தக் கையைப் பார்த்தேன். விரலிடுக்கில் ரொட்டித் துகள் ஒட்டியிருந்தது. வீட்டுக்கு வரும் கொத்தனாருக்கும் தோட்டக்காரருக்கும் இலை போட்டுவிட்டுத்தான் நம் ஆத்தா சாப்பிட உட்காருவாள். அவள் வளர்த்த நான், கடல் தாண்டியதும் அதை எப்படி மறந்தேன்?

இரண்டாம் முறை வந்தவர் ஒரு பெண்மணி, ஐம்பது வயதிருக்கும். ஏறியதுமே, "நீங்கள் எத்தனை மணிக்குச் சாப்பிடுவீர்கள்?" என்று கேட்டேன். என்னை ஒரு நிமிடம் பார்த்தார். அசெனியாஷ் தோ மார் என்று பாறை விளிம்பில் வெள்ளை வீடுகள் அடுக்கிய ஓர் ஊர் இருக்கிறது, அதன் பக்கம் தாம் வழக்கமாகச் சாப்பிடும் சின்னக் கடைக்கு அழைத்துப் போனார். காய்கறி சூப்பும் ரொட்டியும் ஆலிவ் காயும். அந்த மேசையில் அவர் சொன்ன கதைகளை எந்த அரண்மனையிலும் கேட்கவில்லை.

4. பெனாவில் நிறத்தோடு நின்றுவிடாதே. தூரத்திலிருந்தே சிவப்பும் மஞ்சளும் உன்னை இழுக்கும். எல்லோரும் அந்த நிறத்துக்கு முன்னால் நின்று படம் எடுத்துவிட்டு இறங்கிவிடுகிறார்கள். சிவப்பு எது, மஞ்சள் எது என்று கேள். சிவப்பு, பழைய துறவி மடம். 1755 பூகம்பத்தில் இடிந்து, பாழடைந்து கிடந்தது. இரண்டாம் மரியா அரசியின் கணவர் பெர்னாந்து 1838-இல் அதை வாங்கினார். ஜெர்மானிய அரச வம்சத்தவர், ஓவியம், இசை என்று கலைப் பித்து உள்ளவர். வாங்கிய கையோடு இடித்துத் தள்ளியிருக்கலாம். அவர் மடத்தைச் செப்பனிட்டு, நிலநடுக்கத்தில் தப்பிய சிற்றாலயத்தை அப்படியே காத்து, அதன் தோளோடு தோளாக மஞ்சள் அரண்மனையை எழுப்பினார். எஷ்வெகே என்ற சுரங்கப் பொறியாளர் கட்டிக் கொடுத்தார். அந்தச் சிற்றாலயத்தில் அலபாஸ்டர் கல்லில் செதுக்கிய பீடம் ஒன்று இருக்கிறது. அங்கே ஐந்து நிமிடம் நில். வீடு வாங்கியதும் முதல் வேலையாகப் பழைய முற்றத்தை மூடித் தளம் போட்டவள் நான், உனக்குத் தெரியும். அந்த ஆலயத்தில் நின்றபோது அந்த முற்றம்தான் நினைவுக்கு வந்தது.

உள்ளே அறைகள் எதிர்பார்த்ததைவிடச் சிறியவை. துறவிகள் இருந்த அறைகளை இணைத்துத்தான் அரச குடும்பம் குடியிருந்தது. சமையற்கட்டில் செம்புப் பாத்திரங்கள் வரிசையாக இருக்கும், அம்மாவுக்குப் பிடிக்கும். 1910-இல் புரட்சி வந்தபோது அமேலியா அரசி இந்த மலையிலிருந்துதான் நாட்டைவிட்டுக் கிளம்பினார்.

5. மூடுபனி வந்தால் முகத்தைச் சுளிக்காதே. லிஸ்பனில் வெயில் கொளுத்தும், அரை மணி நேரத்தில் சிந்த்ராவில் எதிரே வருகிற ஆள் தெரியாது. அட்லாண்டிக் ஈரக்காற்று இந்த மலையில் முட்டி ஏறிப் பனியாகிறது. அரசர்கள் கோடைக்கு இங்கே ஓடிவந்ததற்கும், இந்தக் காடு இப்படிப் பச்சை பிடித்துக் கிடப்பதற்கும் அந்தப் பனிதான் காரணம். நான் வழிகாட்டியிடம், "இதற்கா இத்தனை பணம்?" என்று கேட்டேன். வானத்துக்கு அந்தப் பையனா பொறுப்பு? ஒரு கம்பளிச் சட்டையை மட்டும் மறக்காமல் எடுத்துக்கொள்.

6. சரித்திரத்தைச் சண்டைக்கு எடுத்துப் போகாதே, வீட்டில் வைத்துவிட்டும் போகாதே. முதல் முறை கோவாவைப் பற்றியும் நம் கடற்கரையில் போர்ச்சுகீசியர் செய்ததைப் பற்றியும் அந்தப் பையனிடம் ஒரு மணி நேரம் பேசினேன். பேசியதில் பொய் இல்லை. ஆனால் இருபத்தைந்து வயதுப் பிள்ளை, ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு வேறெங்கும் போக முடியாமல் உட்கார்ந்திருந்தான். ஐநூறு வருடத்துக் கணக்கை அவன் தலையில் கட்டினேன்.

இரண்டாம் முறை நான் வாயைத் திறக்கவில்லை, அந்தப் பெண்மணியே ஆரம்பித்தார். ரெகலெய்ராவைத் தாண்டி மொன்செராத் போகும் பாதையில் உயரமான மதில் ஒன்று வரும். பென்யா வெர்த் என்ற தோட்டம். போர்ச்சுகீசிய இந்தியாவை ஆண்ட ஜொவாவ் தி காஸ்ட்ரோவின் இடம். அவர் 1548-இல் கோவாவில் இறந்தார். வண்டியை ஓரமாக நிறுத்தி, "உங்கள் ஊர்க் கல் ஒன்று இதற்குள் வந்து சேர்ந்தது" என்றார். குஜராத்தின் சோமநாதத்தில் 1287-ஆம் ஆண்டு பொறித்த வடமொழிக் கல்வெட்டு. 'சிந்த்ரா பிரசஸ்தி' என்றே ஆய்வாளர்கள் அதைச் சொல்கிறார்கள். பிறந்த ஊரின் பெயர் போய், வந்து விழுந்த ஊரின் பெயர் ஒட்டிக்கொண்டது. நாங்கள் இருவரும் மதிலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். பிறகு அவர், தம் அப்பாவை ஆப்பிரிக்கப் போருக்குக் கட்டாயமாக அனுப்பினார்கள், 1974-இல் திரும்பி வந்தவர் சாகும்வரை அதைப் பற்றி வீட்டில் ஒரு வார்த்தை பேசியதில்லை என்றார். சாரல் அடித்தது. என் பக்கத்துக் கண்ணாடியைக் காட்டி, ஆங்கிலச் சொல் சட்டென்று வராமல், "ஜனேலா, ஜனேலா" என்றார். நான் ஜன்னலை ஏற்றினேன். அவருக்கு ஆச்சரியம். ஜன்னல், மேசை, சாவி, அலமாரி என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். ஒவ்வொன்றுக்கும் அவர் தம் சொல்லைச் சொன்னார். எங்கள் மொழியின் வார்த்தைகள் 1554-லேயே லிஸ்பனில், உங்கள் எழுத்தில் அச்சேறியிருக்கின்றன என்று சொன்னேன். அது அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. ஒரு சின்னக் குறிப்பேட்டில் வருடத்தை எழுதிக்கொண்டார்.

7. 'நன்றி'யை அவர்கள் மொழியில் சொல்லக் கற்றுக்கொள். பெண்கள் 'ஒப்ரிகாதா' என்று சொல்ல வேண்டும், ஆண்கள் 'ஒப்ரிகாது'. காலையில் 'போம் தியா'. அவ்வளவு போதும்.

8. நேரம் இருந்தால் ஓர் அரண்மனையை விட்டுவிட்டுக் கபுச்சு மடத்துக்குப் போ. கூட்டம் குறைவு. 1560-இல் காஸ்ட்ரோவின் மகன் கட்டியது. பாறைகளுக்கு நடுவே பொந்துபோல அறைகள், குளிருக்குச் சுவரிலும் கூரையிலும் கதவிலும் கார்க் மரப்பட்டை. வாசல்கள் இடுப்புக்குச் சற்று மேல்தான் வரும். குனியாமல் யாரும் உள்ளே போக முடியாது. முதல் முறை என் பட்டியலில் இது இல்லவே இல்லை, தங்கமும் கண்ணாடியும் இல்லாத இடத்தில் என்ன இருக்கிறது என்று நினைத்தேன். இரண்டாம் முறை போனபோது எனக்கு அறுபத்துநாலு. ஒரு வாசலில் நெற்றியை இடித்துக்கொண்டேன். உள்ளே உட்கார்ந்து தடவிக்கொண்டிருந்தபோது உன் மாமாவோடு போட்ட சண்டைகள் எல்லாம் வந்து போயின. ஒன்றில்கூட நான் முதலில் இறங்கி வந்ததில்லை. அங்கே நன்றாக அழுதேன், கண்ணம்மா. அந்தப் பெண்மணி வெளியே காத்திருந்தார், ஒன்றும் கேட்கவில்லை.

9. கபோ த ரோக்காவில் வேலியைத் தாண்டாதே. ஐரோப்பிய நிலப்பரப்பின் மேற்குக் கோடி அது. சுமார் 140 மீட்டர் செங்குத்துப் பாறை, கீழே கடல். நல்ல படத்துக்காக மாமா வேலியைத் தாண்டிப் போனார். "இன்னும் கொஞ்சம் பின்னால்" என்று சொன்னது யார் தெரியுமா, நான்தான். காற்று அவர் தொப்பியைப் பிடுங்கியது, அதைப் பிடிக்கக் கை நீட்டி ஒரு கால் சறுக்கி உட்கார்ந்தார். அந்தப் படம் இன்னும் என்னிடம் இருக்கிறது, பார்ப்பதில்லை. 2014-இல் அதே முனையில், படம் எடுத்துக்கொள்ளப் போன ஒரு தம்பதி பிள்ளைகள் கண்ணெதிரே விழுந்து இறந்தார்கள். வழிகாட்டி "போதும்" என்றால் போதும். அந்த ஒரு சொல்லில் பேரம் பேசாதே.

10. அங்கிருந்து கீழே இறங்கும் சாலைக்குக் கொஞ்சம் வெளிச்சம் மிச்சம் வை. கிஞ்சு கடற்கரையில் காற்று மணலைச் சாலைக்கே கொண்டுவந்து கொட்டியிருக்கும். பிறகு கஷ்காய்ஷ். மீனவர் ஊர், 1870-லிருந்து அரச குடும்பம் கோடைக்கு வரத் தொடங்கியதும் மாளிகைகள் முளைத்தன, படகுகளும் போகவில்லை. அந்த நேரத்தில் நீயும் பேசாதே, வழிகாட்டியையும் பேசச் சொல்லாதே. காலையிலிருந்து தொண்டை வறண்டிருக்கும் அவருக்கு. டிப்ஸ் அங்கே கட்டாயமில்லை. கொடுப்பதானால் சில்லறையைத் துழாவிக்கொண்டு நிற்காமல், முதலிலேயே ஓர் உறையில் போட்டு வைத்து, இரண்டு கையாலும் கொடு.

இன்னொன்று. காலையில் ஏறும்போதே அம்மாவை முன்னால் உட்கார வை. நீ சின்னப் பெண், பின்னால் இரு. அங்கே ஸ்டியரிங் இடப்பக்கம் இருக்கும், முன் இருக்கை வலப்பக்கம். ரோக்காவிலிருந்து கஷ்காய்ஷ் வரைக்கும், அங்கிருந்து லிஸ்பன் திரும்பும் கரையோரச் சாலையிலும், கடல் அந்தப் பக்கம்தான் வரும். நான் முதல் முறை அந்த இருக்கையில் என் கைப்பையை வைத்திருந்தேன். மாமா பின்னால், இடப்பக்கத்தில், எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டு வந்தார்.

அத்தை