இணைப்பு உண்டு, இணையம் இல்லை

மென்பொருள் புதுப்பிக்கப்பட்ட மறுநாளே வைபை இயங்கவில்லை என்னும் முறைப்பாட்டை, துறைமுகத்தையண்டிய நம் வீடுகளில் அடிக்கடி கேட்கின்றோம். பல்கலைக்கழக விண்ணப்பத்தை இணையவழி அனுப்பவேண்டிய மாணவனுக்கு இது சிறு தொல்லையன்று.

முதலிற் கைத்தொலைபேசியை நோக்குக. அதே வைபையில் அது இயங்குமாயின் ரவுட்டரைக் கழற்றிமாட்டுதல் வீண்வேலை.

அடுத்து நோக்கவேண்டுவது முகவரி. கப்பலொன்று நம் துறைமுகத்துட் புகுந்துவிடலாம். நிற்குமிடம் குறித்துக் கொடுக்கப்படாவிடிற் சரக்கு இறங்குமோ? வைபை இணைதல் துறைபுகுதல். ரவுட்டர் ஐபி முகவரி அளித்தல் இடங்குறித்தல். முகவரி 169.254 எனத் தொடங்குமாயின், அது ரவுட்டர் தந்ததன்று. ஒன்றுங் கிடையாமையாற் கணினி தானே சூட்டிக்கொண்டது.

2016 டிசம்பரில் வின்டோஸ் 10 கணினிகள் பல, உள்ளியங்கும் சேவை நிரலொன்று முறிந்தமையால், இவ்வாறே முகவரியின்றித் தவித்தன. மைக்ரோசொப்ட் கூறிய முதல் மருந்து ‘ரீஸ்டார்ட்’. ‘ஷட் டவுன்’ அன்று. விரைவுத் தொடக்க வசதியுள்ள கணினி, ஷட் டவுன் செய்யினும் இயங்குதளத்தின் நிலையைச் சேமித்துவைத்து மீண்டும் அதனையே எடுத்துக்கொள்ளும், பிழையும் உடன்வரும். பிழைதீர்க்கும் புதுப்பிப்பு டிசம்பர் 13இல் வெளிவந்தது. இணையமற்ற கணினிக்கு மருந்து இணையவழியே வந்தது வேடிக்கைதான்!

வைபைப் பெயர்களே தோன்றாவிடின் நோய் வேறு. டிரைவர் என்னும் நிரல் மாறியிருக்கலாம். டிவைஸ் மனேஜரில் ‘ரோல் பாக் டிரைவர்’ அழுத்திப் பழையதை மீட்கலாம். அப்பொத்தான் மங்கியிருப்பின் மீட்கப் பழைய நிரலில்லை. அந்நிலையிற் கைத்தொலைபேசியின் இணையத்தை யூஎஸ்பி வடத்தாற் பகிர்ந்து, கணினி செய்த நிறுவனத்தின் தளத்திலிருந்து டிரைவரை இறக்குக.

‘நெட்வேர்க் ரீசெட்’ கடைசி வழி. சேமித்த கடவுச்சொற்களையும் அது துடைத்துவிடுமாதலால், அவற்றைத் தாளில் எழுதிவையாதார் அதனைத் தொடற்க.