வீட்டிலேயே கல் மெருகேற்ற: எந்த இடம், எந்த இயந்திரம்?

புதுச்சேரிக்குத் தெற்கே, அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் உள்ள அரிக்கமேட்டில் ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே கல்மணி செய்தார்கள். 1945இல் மார்ட்டிமர் வீலர் அங்கே அகழாய்வு நடத்தினார். சூதுபவளம், அகேட், செவ்வந்திக்கல், படிகம் எனப் பல கற்களில் செய்த மணிகளோடு, வேலை முடியாமல் பாதியில் நின்ற மணிகளும் அந்த மண்ணில் கிடைத்திருக்கின்றன. மணி அங்கேயே உருவானது என்பதற்கு அவைதான் சாட்சி.

கல்லுக்குப் பளபளப்பு ஏற்றும் அந்த வேலையை இன்று சிறு மோட்டாரும் ரப்பர் டிரம்மும் வீட்டிலேயே செய்துவிடும். கல், தண்ணீர், சிலிக்கான் கார்பைடு தூள் மூன்றையும் டிரம்மில் மூன்றில் இரண்டு பங்குக்குச் சற்று மேல்வரை நிரப்பி, மூடி, உருட்ட வேண்டும். முதலில் 60/90 எண்ணுள்ள பருந்தூள், அடுத்து 120/220, பிறகு 500, கடைசியில் அலுமினியம் ஆக்சைடு போன்ற மெருகுத் தூள். ஒவ்வொரு கட்டத்துக்கும் சுமார் ஒரு வாரம் ஆகும். ஆக, ஒரு மாதம் அது இரவும் பகலும் ஓட வேண்டும். அதனால் இயந்திரம் வாங்கும் முன் அதை எங்கே வைப்பது என்று முடிவு செய்யுங்கள். சத்தம், சேறு, உப்புக்காற்று, மின்சாரம் ஆகிய நான்கையும் வைத்து இடத்தை எடை போடலாம்.

எங்கே வைக்கலாம்?

மொட்டை மாடி: சத்தம் வீட்டுக்குள் குறைவாகவே வரும், கழுவவும் வசதி. ஆனால் வெயிலில் மோட்டார் கொதிக்கும். கடற்காற்றின் உப்பு தாங்கு உருளைகளையும் திருகுகளையும் அரிக்கும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் கொட்டிய மழையைப் பார்த்தவர்களுக்குத் தகரக் கொட்டகையின் வலு தெரியும். மாடியில் சுவரும் கூரையும் உள்ள படிக்கட்டு அறை இருந்தால் மட்டும் இதை எண்ணிப் பாருங்கள்.

பால்கனி: இலாசுப்பேட்டை, ரெட்டியார்பாளையம் பக்கத்து அடுக்ககங்களில் பலருக்கு இருப்பது இது ஒன்றுதான். பக்கத்து வீட்டுப் படுக்கையறை சன்னல் சில அடி தூரத்தில் இருந்தால் இரவு ஓட்டம் சண்டையில் முடியும். மிகச் சிறிய ரப்பர் டிரம் இயந்திரத்துக்கு மட்டும் இது ஒத்துவரும்.

முற்றமும் உள் அறையும்: வைசியாள் தெரு போன்ற தமிழர் பகுதித் தெருக்களின் பழைய வீடுகளில் திண்ணை, தாழ்வாரம், முற்றம் என்று இடம் இருக்கிறது. ஆனால் முற்றத்தைச் சுற்றித்தான் எல்லா அறைகளும். அங்கே ஓடும் சத்தம் வீடு முழுக்கக் கேட்கும். இரு வீட்டுக்கும் பொதுவான சுவரை ஒட்டி வைத்தால் அதிர்வு அடுத்த வீட்டுக்கும் போகும்.

கொல்லைப்புறம் அல்லது கார் நிறுத்துமிடம்: கூரை உண்டு, தரையைக் கழுவலாம், காற்றோட்டம் உண்டு, படுக்கையறைக்குத் தூரம். தரை தெருவைவிடத் தாழ்ந்திருந்தால் மழைநீர் புகும். மேடை உயரமாக இருக்கட்டும். நான்கு அளவுகோலிலும் தேறுவது இந்த இடம்தான்.

உருளும் இயந்திரமா, அதிரும் இயந்திரமா?

உருளும் வகை மெதுவானது. ஒரு மாதத்துக்கு மேலும் ஆகலாம். கல்லின் முனைகளைத் தேய்த்து உருண்டையாக்கும். தினமும் பார்க்க வேண்டியதில்லை. ஒரு கட்டத்தில் போட்டு மூடினால் ஒரு வாரத்துக்கு அதிக வேலை இல்லை. அதிரும் வகை ஒன்றிரண்டு வாரத்தில் முடித்துவிடும்; கல்லின் வடிவம் மாறாது. ஆனால் தண்ணீரும் சேற்றின் பதமும் அடிக்கடி கவனிக்கப்பட வேண்டும், இரைச்சலும் அதிகம். கூழாங்கல்லில் தொடங்குபவர் உருளும் வகையை எடுக்கலாம். வெட்டிய கல்லை அதே வடிவில் மெருகேற்றவோ, கரடுமுரடாகத் தேய்த்த கல்லை விரைவாக முடிக்கவோ விரும்புபவருக்கு மற்றது.

டிரம்மில் ரப்பரே சிறந்தது; பிளாஸ்டிக்கும் இரும்பும் கடகடவென்று சத்தம் போடும். இயந்திரத்தைப் பெட்டியால் மூடிச் சத்தத்தைக் குறைக்க நினைத்தால் காற்று வழி விடுங்கள். அடைத்த பெட்டியில் மோட்டார் சூடாகிக் கருகும்.

அமெரிக்காவிலிருந்து உறவினர் கொண்டுவரும் இயந்திரம் பெரும்பாலும் 110–120 வோல்ட்டுக்கானது. நம் 230 வோல்ட்டில் நேரடியாகச் செருகினால் எரிந்துபோகும், மின்மாற்றி வேண்டும். அங்கே 60 ஹெர்ட்ஸ், இங்கே 50. அதனால் சாதாரண ஏ.சி. மோட்டார் இங்கே ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு மெதுவாகச் சுழலும். இந்திய மின்சாரத்துக்கென்றே செய்தது கிடைத்தால் அதையே வாங்குங்கள்.

மேடையும் மின்சாரமும்

ஆடாத மேடை முக்கியம். செங்கல் கட்டின் மேல் கடப்பைக்கல் பலகை போட்டு, அதன் மேல் தடித்த ரப்பர் விரிப்பு, அதன் மேல் விளிம்புள்ள தட்டு. மூடி கசிந்தால் தட்டிலேயே நிற்கும். மூன்று முனை பிளக்கோடு நில இணைப்பு, மின்கசிவு துண்டிப்பான் இரண்டும் கட்டாயம். தண்ணீரும் மின்சாரமும் ஒரே மேடையில் இருக்கின்றன. 50 வாட் மோட்டார் நாள் முழுக்க ஓடினால் 1.2 யூனிட், மாதம் 36 யூனிட். உங்கள் மோட்டாரின் வாட்டைப் பார்த்து இதேபோல் கணக்கிடுங்கள்.

சேறும் தூசியும்

ஒவ்வொரு கட்டத்துக்குப் பின்னும் சாம்பல் நிறச் சேறு மிஞ்சும். அதைக் கழிவுக் குழாயிலோ தெரு வாய்க்காலிலோ ஊற்றாதீர்கள். குழாய்க்குள் படிந்து சிமெண்டுபோல் இறுகிவிடும். வாய்க்காலுக்குப் போனால் அது ஊரின் சுமை. ஒரு வாளியில் தெளியவிட்டு, மேல்நீரை மண்ணில் ஊற்றி, அடிச்சேற்றை ஈரத்தோடேயே பையில் கட்டிக் குப்பையில் சேர்க்கவும்.

கட்டத்துக்கு ஒரு வாளி, ஒரு பிரஷ் என்று பிரித்து, பெயர் எழுதி வையுங்கள். பருந்தூளின் ஒரு துகள் மெருகுக் கட்டத்துக்குள் போனால் ஒரு மாத உழைப்பும் கீறலாகிவிடும். இதற்குப் பயன்படுத்தும் பாத்திரம் எதுவும் சமையலறைக்குத் திரும்பக் கூடாது.

குஜராத்தின் கம்பாத்தில் அகேட் தொழில் தலைமுறை தலைமுறையாக நடக்கிறது. தோல் பையில் மணியையும் சாணைப்பொடியையும் நீரையும் போட்டு நாள்கணக்கில் உருட்டும் முறை அங்கே இருந்தது. பின்னர் மோட்டார் டிரம் வந்தது. அதே ஊரில் கல்லை உலர்ந்தபடி தேய்த்த தொழிலாளிகளின் நுரையீரலைச் சிலிக்கோசிஸ் நோய் தின்றது. டிரம்முக்குள் எல்லாம் ஈரமாக இருப்பதால் ஆபத்து மிகக் குறைவு. காய்ந்த சேற்றைத் துடைப்பத்தால் பெருக்குவதும், கல்லை உலர்வாக உடைத்துத் தேய்ப்பதும்தான் ஆபத்து. ஈரத்துணியால் துடையுங்கள், கல் உடைக்கும்போது நனைத்து, கண்ணாடியும் முகமூடியும் அணியுங்கள்.

கல் எங்கே கிடைக்கும்?

கட்டுமானப் பொருள் விற்பவரிடமும் தோட்ட அலங்காரக் கடையிலும் வாங்கும் வெண்ணிறக் குவார்ட்ஸ் கூழாங்கல்லே தொடக்கத்துக்குப் போதும், கடினத்தன்மை 7. ஒரே கடினத்தன்மையுள்ள கற்களை மட்டும் சேர்த்துப் போடவும்; சுண்ணாம்புக்கல் 3தான், குவார்ட்ஸோடு போட்டால் கரைந்துவிடும். அரிக்கமேட்டில் மேய்ந்து மணி பொறுக்குவதும், திருவக்கரைக் கல்மரப் பூங்காவில் ஒரு துண்டு எடுப்பதும் கூடவே கூடாது. இரண்டும் பாதுகாக்கப்பட்டவை, போனால் திரும்பி வராதவை.

முடிவாக

கொல்லைப்புறமோ கார் நிறுத்துமிடமோ உள்ளவர் ரப்பர் டிரம் கொண்ட உருளும் இயந்திரத்தைத் தயங்காமல் வாங்கலாம். அடுக்ககவாசி மிகச் சிறிய அளவில், பக்கத்து வீட்டாரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டுத் தொடங்கலாம். மொட்டை மாடி மட்டும் உள்ளவர் முதலில் நல்ல கூரையும் சுவரும் போடட்டும். மழைக்காலம் முடிந்த ஜனவரியில் தொடங்குவது நல்லது. எங்கும் இடம் அமையவில்லை என்றால் நண்பர்கள் சேர்ந்து ஒரு கொல்லையைப் பகிர்ந்துகொள்ளுங்கள். இடம் சரியாக அமைந்தால் சிறிய இயந்திரம்கூட நல்ல கல்லைத் தரும். இடம் தவறினால் விலையுயர்ந்த இயந்திரமும் ஒரு வாரத்தில் நின்றுவிடும்.