கையெழுத்து மட்டும் சம்மதம் ஆகிவிடுமா?

கேள்வி: அறுவை சிகிச்சைக்கு முன் உறவினரிடம் கையெழுத்து வாங்கிவரச் செவிலியர்களை அனுப்புகிறார்கள். சட்டப்படி இது போதுமா?

பதில்: போதாது. நோயாளி வயதுவந்தவர், சுயநினைவோடு இருப்பவர் என்றால் முடிவு அவருடையது. சமீரா கோலி வழக்கில் 2008-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது இதைத்தான். லேப்ராஸ்கோப்பிக்குச் சம்மதித்த 44 வயதுப் பெண் மயக்கத்தில் இருந்தபோது, தாயின் ஒப்புதலோடு கருப்பையும் சினைப்பைகளும் அகற்றப்பட்டன. மருத்துவர் நல்லெண்ணத்தோடுதான் செய்தார் என்பதை நீதிமன்றம் மறுக்கவில்லை. ஆனால் உயிருக்கு உடனடி ஆபத்து இல்லை; கண்விழிக்கும்வரை காத்திருந்து கேட்டிருக்கலாம். அதனால் தாயின் ஒப்புதல் செல்லாது என்றது. 25,000 ரூபாய் இழப்பீடும் விதித்தது. இழந்ததற்கு அது மிகச் சிறிய தொகை என்பது என் எண்ணம்.

நெரிசல் மிகுந்த வார்டில் ஒவ்வொருவருக்கும் விளக்க நேரமேது என்பார்கள். நெருக்கடி உண்மைதான். உயிர்காக்கும் அவசரத்துக்குச் சட்டமே விலக்கும் தருகிறது. முன்கூட்டியே நாள் குறித்த அறுவைக்கு அந்தக் காரணம் எப்படிப் பொருந்தும்? குடும்பத்தோடு கலந்து முடிவெடுப்பது நம் வழக்கம் என்பதும் சரியே. கலந்து பேசட்டும், முடிவை நோயாளி சொல்லட்டும். சிகிச்சையின் பலனையும் ஆபத்தையும் மாற்று வழிகளையும் விளக்குவது மருத்துவரின் கடமை. அதைச் செவிலியர் தலையில் கட்டக் கூடாது. நோயாளிக்குப் புரியவில்லை என்று தெரிந்தால், படிவத்தை நிறுத்திவைத்து மருத்துவரை அழையுங்கள். அழைத்த நேரத்தைக் குறிப்பேட்டில் எழுதிவையுங்கள்.