மாவிதையும் மரபும்

தேனென இனித்த கனியொன்றின் கொட்டையை எமது வளவில் ஊன்றி, 7 ஆண்டுகள் நீர்வார்த்துக் காத்திருந்தோம். காய்த்ததோ புளிமாங்காய்! விதைத்ததே விளையும் என்பது மாவிடத்து எப்போதும் மெய்யன்று. அதன் காரணத்தை ஈண்டு ஆராய்வோம்.

மாவினங்கள் இருதிறத்தன. ஒருகரு இனங்களிற் கொட்டைக்கு ஒரு முளையே தோன்றும். அது மகரந்தச் சேர்க்கையாற் பிறப்பதாகலின் தாயின் குணம் மாறக்கூடும். வெள்ளைக்கொழும்பான் போன்ற பல்கரு இனங்களில் ஒரு கொட்டையினின்றே பல முளைகள் எழும். அவற்றுட் பெரும்பாலன தாயின் சூல்வித்துத் திசுவினின்று உண்டாவன. ஆதலின் தாயையே ஒக்கும்.

மாங்கொட்டை நெடுநாள் உயிர்தாங்காது. உலர்ந்தால் முளைதிறன் கெடும். ஆகவே, பழமுண்ட சில நாட்களுள் அதனைக் கழுவி, பருப்புச் சிதையாது ஓட்டைப் பிளந்து நீக்கி, பருப்பின் குவிந்த முதுகு மேனோக்க, 1 அங்குல ஆழத்தில் ஊன்றி நிழலிற் பேணுதல் வேண்டும். பல முளைகள் தோன்றின், ஏனையவற்றினின்று வேறுபட்டு நிற்பதை நீக்கி, ஒத்து வளர்வனவற்றைப் பிரித்து நடுக.

ஒருகருக் கன்றாயின் நல்லினத்து ஒட்டே துணை. எமது புளிமாவை நாம் வேரோடு வீழ்த்தவில்லை. கிளைகளைத் தறித்து, எழுந்த தளிர்களில் நல்லினத்து ஒட்டுக் கட்டினோம். இன்று அதன் கனியைப் பேரர் உண்கின்றனர். பிறப்பாற் புளித்த மரமும் பேணுவாரைப் பெறின் இனிக்கும்.