கல்லும் கோப்பும்

மைசூருவில் உள்ள இந்தியத் தொல்லியல் துறையின் கல்வெட்டியல் அலுவலகத்தில் தமிழ்க் கல்வெட்டுகள் பலவற்றின் மைப்படிகள் தொகுக்கப்பட்டன. கல் சிதைந்தாலும் அதன் எழுத்தைக் காப்பது மைப்படி. ஆயிரக்கணக்கான படிகளுள் வேண்டியதை எவ்வாறு கண்டறிவது? ஊர், அரசன், ஆண்டு என விவரங்களை அட்டவணைப்படுத்த வேண்டும். அதற்கு உதவுவது தரவுத்தளம்.

எஸ்கியூலைட் ஓர் எளிய தரவுத்தளம். இதனை 2000ஆம் ஆண்டில் அமெரிக்கரான ரிச்சர்டு ஹிப் உருவாக்கினார். இதற்குத் தனிக் கணினி வேண்டுவதில்லை. தரவு முழுவதும் ஒரே கோப்பில் அடங்கும். ஆதலின் கைப்பேசிகளிலும் இயங்குகிறது. ‘தஞ்சாவூர்ப் பதிவுகளைத் தேர்ந்தெடு’ என அதன் மொழியில் கட்டளையிட்டால் அவை மட்டுமே வரும்.

பதியும்போது மின்சாரம் தடைப்பட்டால் என்னாகும்? பதிவு முழுமையாக நிகழும். இன்றேல் சிறிதும் நிகழாது. அரைகுறைப் பதிவு எஞ்சாது. பாதி வெட்டிய கல்வெட்டு பொருள் தராது; பாதிப் பதிவும் அத்தகையதே.

சொற்பொருள்
மைப்படி – கல்வெட்டின்மீது ஈரத்தாளை ஒற்றி, மை தடவி எடுக்கும் படி
எஞ்சாது – மீதமிராது

வினாக்கள்
1. மைப்படியின் பயன் யாது?
2. எஸ்கியூலைட் கைப்பேசியில் இயங்கக் காரணம் என்ன?
3. உம் வீட்டு நூல்களுக்கு நான்கு தலைப்புகளில் அட்டவணை வரைக.